ஏரி உறைஞ்சுதுங்களா? உக்ரைனிய மொழியில் நலம் விசாரிக்கப் பழகுவது

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வைபரில் ஓர் எண்ணை அழைப்பேன். அந்தப் பக்கம் மேற்கு உக்ரைனில் தெர்னோப்பில் நகரம். குளிர்காலத்தில் அங்கே அப்போது மாலை ஐந்து மணி. நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் அது இரண்டரை ஆகிவிடும். போனை எடுப்பவர் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. என் மகன் அங்கே மருத்துவம் படித்தபோது அவர் வீட்டில்தான் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

2022 பிப்ரவரி 24ஆம் தேதி போர் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து மகனும் கூடப் படித்தவர்களும் ஒரு பஸ் பேசிக்கொண்டு ருமேனியா எல்லைக்குக் கிளம்பினார்கள். அந்த அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, முட்டை அவித்து, ரொட்டியில் வெண்ணெய் தடவி, காலமான தன் கணவருடைய கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடியையும் பையில் சேர்த்து வைத்து, பஸ் நகரும் வரை குளிரில் நின்றிருக்கிறார். மகன் வீடு வந்து சேர்ந்த அன்று வீடியோ அழைப்பில் அவரை எனக்குக் காட்டினான். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். "த்யாகுயு." நன்றி. அதைச் சொன்னேன். அப்புறம் எனக்கும் பேச்சில்லை, அவருக்கும் இல்லை. அடுத்த வாரமே படிக்க ஆரம்பித்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். உக்ரைனிய மொழியில் கதை, கட்டுரை படிக்கும் அளவுக்கு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அரை மணி நேரம் ஒருவரோடு ஊர்க்கதை பேச வரும். பிள்ளைகள் அங்கே படித்துவிட்டு வந்த வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உக்ரைனியர்களோடு பேச வேண்டியவர்கள் இருப்பார்கள். போலந்திலும் ஜெர்மனியிலும் வேலைக்குப் போன நம் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டிலேயே உக்ரைனியக் குடும்பம் இருக்கலாம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

மொழி கற்கிற எல்லோரும் முதலில் தன்னைப் பற்றிச் சொல்லத்தான் படிக்கிறார்கள். என் பெயர் இது, என் ஊர் இது, எனக்கு இத்தனை வயது. நானும் அப்படித்தான் பத்து வாக்கியம் மனப்பாடம் செய்தேன். இரண்டாவது அழைப்பிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. தன்னைப் பற்றி ஒருவரிடம் எத்தனை தடவை சொல்ல முடியும்?

நம் ஊரில் ஒறம்பரை வந்தால் என்ன செய்கிறோம்? "வாங்க வாங்க. அங்கெல்லாம் மழை உண்டுங்களா? மஞ்சள் தோண்டியாச்சுங்களா? மாடு கன்னு போட்டுருச்சுங்களா?" கேட்டுக்கொண்டேதான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுக்கிறோம். நம்மைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பேச்சு தானாக ஓடும். உக்ரைனிய மொழியிலும் அதையே செய்யுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் வரக்கூடிய பதில்களில் நாலைந்து சொல். இது போதும், ஒரு வருஷம் ஓட்டலாம்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி, அடுப்புக்கு மேலே ஒட்டி வைப்பேன். சோறு பொங்கி இறங்குவதற்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்துவிடலாம்.

எல்லோருக்கும் தெரிய வேண்டிய கேள்வி "யாக் ஸ்ப்ராவி?" எப்படிப் போகுது என்று அர்த்தம். தெர்னோப்பில் போன்ற மேற்குப் பகுதிகளில் "யாக் ஸ்யா மாயெதெ?" என்றும் கேட்பார்கள், எப்படி இருக்கீங்க என்பது மாதிரி. இதற்கு "ரொம்ப அருமை, பிரமாதம்" என்றெல்லாம் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். "நொர்மால்னொ" என்பார்கள். அல்லது "பொதிஹேன்கு" என்பார்கள். மெதுவாக, மெல்ல மெல்ல என்று அதற்குப் பொருள். நம்மூரில் "ஏதோ ஓடுதுங்க" என்று சொல்வோமே, அச்சு அசல் அதுதான். "ஸ்லாவா போஹு" என்றால் கடவுள் புண்ணியத்தில். இந்த மூன்று பதிலும் காதுக்குப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். உங்களைத் திருப்பிக் கேட்டால் "தோப்ரெ, த்யாகுயு. ஆ வி?" என்று சொல்லுங்கள். நல்லா இருக்கேன், நன்றி, நீங்க?

ஒரு விஷயத்தில் நம் பழக்கம் அப்படியே செல்லாது. "சாப்பிட்டீங்களா" என்பது நமக்கு வணக்கம் மாதிரி. நான் ஒவ்வொரு வாரமும் எடுத்த எடுப்பில் "வி வ்ஜே யீலி?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் நிஜமாகவே யோசித்து, மத்தியானம் என்ன சமைத்தார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று விவரமாகச் சொன்னார். அங்கே பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளை அப்படிக் கேட்பார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததும் கேட்கும் வழக்கம் கிடையாது. தப்பில்லை, கேட்கலாம். ஆனால் அதை வணக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொள்வார்கள்.

"ங்க" போடத் தெரிந்தவர்களுக்கு "வி" சுலபம்

நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்களிடமும் உண்டு. "தி" என்றால் நீ, "வி" என்றால் நீங்கள். கொங்குக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரில் இருப்பவரிடம் "ங்க" போட்டுப் பேசுவோமா? அப்படியென்றால் "வி". வயதானவர், புதியவர், கடைக்காரர், டாக்டர் எல்லோருக்கும் "வி"தான். அவர்களாக "தி" என்று மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். நான் இன்றுவரை அந்த அம்மாவை "வி" என்றுதான் அழைக்கிறேன். அவர் என் மகனைத் "தி" என்பார், என்னை "வி" என்பார்.

வணக்கம் சொல்வதிலும் இது வரும். "ப்ரிவீத்" என்பது கூட்டாளிகளுக்கு மட்டும். மற்றவர்களுக்குக் காலையில் "தோப்ரொஹொ ரான்கு", பகலில் "தோப்ரி தென்", சாயங்காலம் "தோப்ரி வேச்சிர்". விடைபெறும்போது "தொ பொபாச்சென்ன்யா", மறுபடி பார்ப்போம் என்று அர்த்தம்.

ஆமாம் என்பதற்கு "தாக்". இல்லை என்பதற்கு "நீ". முதல் மாதம் என் காதுக்கு இது ரொம்பச் சங்கடமாக இருந்தது. பெரியவர் ஒருவர் "நீ, நீ" என்று சொல்லும்போது என்னைக் கூப்பிடுகிறாரோ என்றே தோன்றும். மறுக்கிறார், அவ்வளவுதான்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது

தமிழாசிரியைக்கு இந்த மொழியில் மனசு ஒட்டிக்கொண்ட இடம் இதுதான். உக்ரைனிய மொழிக்கு வேற்றுமை ஏழு. அதில் ஒன்று விளி. நாம் முருகன் என்ற பெயரை முருகா என்றும், மகன் என்பதை மகனே என்றும் மாற்றிக் கூப்பிடுகிறோம் அல்லவா? அதே மாதிரி, ஒலேனா என்ற பெண்ணை அழைக்கும்போது "ஒலேனோ". ஒக்ஸானா "ஒக்ஸானோ" ஆவார். தராஸ் "தராசெ" ஆவார், இவான் "இவானெ" ஆவார், அந்த்ரிய் "அந்த்ரியு" ஆவார். அம்மா "மாமா", கூப்பிட்டால் "மாமோ". ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. பெயரை இப்படி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

மரியாதைக்குப் பெண்களுக்கு முன்னால் "பானி" சேர்க்க வேண்டும், ஆண்களுக்கு "பானெ". "பானி ஒலேனோ", "பானெ அந்த்ரியு". இன்னொரு முறையும் உண்டு. பெயரோடு அப்பா பெயரைச் சேர்ப்பது. அப்பா பெயர் பெத்ரோ என்றால் மகள் "பெத்ரீவ்னா", மகன் "பெத்ரோவிச்". பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆசிரியர்களை அப்படி அழைப்பது வழக்கம். என் பெயருக்கு முன்னால் இருக்கும் ஓர் எழுத்து என்னவென்று அந்த அம்மா ஒருநாள் கேட்டார். அப்பா பெயரின் முதல் எழுத்து என்றேன். "தா வி ஷ்சோ!" என்றார். அட, அப்படியா என்று அர்த்தம். அன்றிலிருந்து என் அப்பா பெயரையும் சேர்த்து, அவர்கள் பாணியில் ஒரு விகுதி போட்டு, பண்டிகை நாட்களில் மட்டும் என்னை அழைக்கிறார்.

என் மகனை அவர் "சின்கு" என்று கூப்பிடுவார். "சின்" என்றால் மகன். இந்த "சின்கு" நம் கண்ணு, சாமி எல்லாம் சேர்ந்தது.

எனக்கு, என்னிடம்

இலக்கணத்தில் இரண்டே விஷயம் சொல்கிறேன், இரண்டும் நமக்குச் சாதகமானவை.

"நான் ஆசிரியை" என்று சொல்ல நமக்கு நடுவில் வினைச்சொல் தேவையில்லை. அவர்களுக்கும் தேவையில்லை. "யா வ்ச்சீதெல்கா." நான், ஆசிரியை. முடிந்தது.

அடுத்தது இந்த "எனக்கு". எனக்குக் குளிருது, எனக்குப் பிடிக்கும், எனக்கு 52 வயசு என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதையெல்லாம் அவர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். "மெனீ" என்றால் எனக்கு. "மெனீ ஹோலொத்னொ", எனக்குக் குளிருது. "மெனீ பொதோபாயெத்ஸ்யா", எனக்குப் பிடிச்சிருக்கு. என்னிடம் இருக்கிறது என்பதற்கு "உ மேனெ யே". "உ மேனெ யே சின்", எனக்கு ஒரு மகன் இருக்கிறான். தமிழில் யோசித்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே பாதி சரியாக வந்துவிடும். ஆங்கிலத்தில் யோசித்தால்தான் சிக்கல். நான் பயன்படுத்திய டுயோலிங்கோ ஆங்கிலம் வழியாகத்தான் உக்ரைனிய மொழியைக் கற்றுக்கொடுக்கிறது. அதில் வருகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் உக்ரைனியத்தைப் பார்ப்பேன்.

பெயர் கேட்பதும் நம் மாதிரிதான். "யாக் வாஸ் ஸ்வாதி?" உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? "மெனே ஸ்வாதி..." என்று சொல்லிப் பெயரைச் சேர்க்க வேண்டும். அதற்கு அவர்கள் "தூஜெ ப்ரியேம்னொ" என்பார்கள், மிக்க மகிழ்ச்சி என்ற பொருளில். பிரியம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் உறவு கிடையாது, மனசில் நிற்பதற்கு உதவும்.

நமக்குப் பழக்கமில்லாத ஒன்று உண்டு. போனேன், சாப்பிட்டேன் என்று சொல்லும்போது தமிழில் ஆணா பெண்ணா என்று தெரியாது. அங்கே இறந்தகாலத்தில் தெரியும். நான் சாப்பிட்டேன் என்று பெண் சொன்னால் "யா யீலா", ஆண் சொன்னால் "யா யீவ்". நான் மகனிடம் கேட்டுக் கேட்டுப் படித்ததால் ஐந்தாறு மாதம் எல்லாவற்றையும் ஆண்பாலில் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா திருத்தவே இல்லை. நான் "யீவ்" என்றால் அவர் தன் பதிலில் "யா தேஜ் யீலா", நானும் சாப்பிட்டேன் என்று அழுத்திச் சொல்வார். அதை நான் கவனிக்கத்தான் நாளாயிற்று. ஆகவே, நீங்கள் பெண்ணாக இருந்தால் பெண் பேசுகிற ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுங்கள்; ஆண் என்றால் ஆண்.

ஒலியும் எழுத்தும்

இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேனே தவிர, இதை வைத்தே காலம் தள்ள முடியாது. அவர்கள் எழுத்து மொத்தம் 33. தினம் மூன்று என்று படித்தால் பதினோரு நாள். படித்துவிடுங்கள்.

அதில் ஒரு எழுத்து, நம் "ட"வைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி இருக்கும். ரஷ்ய மொழியில் அது அழுத்தமான "க". உக்ரைனியத்தில் மென்மையான "ஹ". மகன் என்று நாம் பேச்சில் சொல்லும்போது நடுவில் வரும் "க" எவ்வளவு இளகி வருகிறது, அது போல. அதே எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கொம்பு முளைத்தால் அழுத்தமான "க". இந்தக் கொம்பு எழுத்தை 1933இல் சோவியத் ஆட்சி எழுத்துச் சீர்திருத்தம் என்று சொல்லி நீக்கிவிட்டது. 1990இல்தான் திரும்ப வந்தது. ஓர் எழுத்தைப் பறிகொடுத்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் திரும்பப் பெற்றவர்கள், அதைச் சரியாக உச்சரிக்கிறவர்களிடம் எவ்வளவு பிரியமாக இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு "ஹ"வும் உண்டு, தொண்டையை உரசி வருவது. எஃகு என்பதில் வரும் ஆய்தத்தைச் சொல்லிப் பாருங்கள், அதுதான். குளிர் என்ற "ஹோலொத்னொ"வில் வருவது இந்த ஒலி.

அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதும் முக்கியம். "ப்லாச்சு" என்று முதலில் அழுத்தினால் நான் அழுகிறேன். "ப்லச்சூ" என்று கடைசியில் அழுத்தினால் நான் பணம் கட்டுகிறேன்.

யூடியூபில் தேடினால் பல காணொளிகளில் ரஷ்யச் சொற்களும் கலந்து வரும். மன்னிக்கணும் என்பதற்கு "வீபச்தெ" அல்லது "பெரெப்ரோஷுயு" என்று சொல்லுங்கள். நன்றிக்கு "த்யாகுயு". உக்ரைனில் என்று சொல்ல "வ் உக்ராயீனி" என்றே சொல்லுங்கள். "நா உக்ராயீனி" என்ற பழைய வழக்கு பலருக்கு மனசைப் புண்படுத்தும். தலைநகரம் "கீயிவ்".

எதைப் பற்றிப் பேசுவது

வானிலை எங்கேயும் முதல் பேச்சு. "ஸ்யோஹொத்னி ஹோலொத்னொ?" இன்றைக்குக் குளிரா? "ய்தே ஸ்னிஹ்?" பனி பெய்யுதா? நேராக மொழிபெயர்த்தால் பனி போகுதா என்று வரும். மழையும் அப்படித்தான், "ய்தே தோஷ்ச்". நம் பக்கம் ஏப்ரலில் 38 டிகிரி என்று சொன்னால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து "ஓய்!" என்று சத்தம் வரும், பத்து நிமிஷம் பேச்சு ஓடும்.

ஆனால் வானிலையை விட ஊரைக் கேட்பது நல்லது. தெர்னோப்பில் நகரத்தின் நடுவில் செரெத் ஆற்றில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. "ஸ்தாவ்" என்பார்கள். ஜனவரியில் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்தாவ் ஸமேர்ஸ்?" ஏரி உறைஞ்சுதுங்களா? இந்த ஒரு கேள்விக்கு அவர் எனக்குச் சொன்னவை எத்தனை! கரையோரம் மட்டும் உறைந்திருக்கிறது, நடுவில் வாத்து நீந்துகிறது, சின்ன வயதில் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போனது. பேசப்போகிறவர் ஊரில் என்ன ஆறு, என்ன குளம், என்ன சந்தை என்று முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும்.

அடுத்தது தோட்டம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பலருக்கும் ஊருக்கு வெளியே கையளவு நிலமாவது இருக்கும். உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி. வசந்தத்தில் "வ்ஜே பொசதீலி கர்தோப்ல்யு?" என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு நட்டாச்சுங்களா? நாத்து விட்டாச்சுங்களா என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. ஆகஸ்டில் வெள்ளரிக்காய் ஊறுகாய் எத்தனை பாட்டில் போட்டார் என்று கேட்பேன். ஒரு வருஷம் நாற்பது என்றார்.

மாதப் பெயர்களைத் தோட்டத்தோடு சேர்த்தே படித்துவிடலாம். ஆகஸ்ட் "செர்பென்", அரிவாள் மாதம். நவம்பர் "லிஸ்தொபாத்", இலை உதிரும் மாதம். பிப்ரவரி "லியூதி". கொடியது என்று அர்த்தம், குளிரை வைத்து வந்த பெயர்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி சொல்லித் தருகிறேன். "யாக் வி வாரிதெ போர்ஷ்ச்?" நீங்க போர்ஷ்ச் எப்படி வைப்பீங்க? "நீங்க" என்பதுதான் இதில் முக்கியம். பீட்ரூட் போட்டு வைக்கும் அந்தச் சாறு வீட்டுக்கு வீடு வேறு. பீன்ஸ் விதை போடலாமா கூடாதா, முட்டைக்கோஸ் எப்போது போடுவது, பூண்டு தேய்த்த பன் வேண்டுமா என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உறுதியான கருத்து இருக்கும். உக்ரைனிய போர்ஷ்ச் சமைக்கும் மரபை 2022 ஜூலையில் யுனெஸ்கோ, அவசரமாகக் காக்க வேண்டிய பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த வாரம் அந்த அம்மா குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. பதிலுக்கு நான் அரிசியும் பருப்பும் சோறு எப்படிச் செய்வது என்று சொன்னேன். அரிசி "ரிஸ்", பருப்பு "சொசெவீத்ஸ்யா", மஞ்சள் "குர்குமா". ஈரோடு பக்கத்துக்காரி மஞ்சளுக்குச் சொல் தெரியாமல் இருக்கலாமா? சாப்பிடுகிறவரைப் பார்த்தால் "ஸ்மச்னோஹொ" என்று சொல்ல வேண்டும், ருசித்துச் சாப்பிடுங்க என்று அர்த்தம்.

போர் நடக்கும்போது

இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு முழுமையாகாது. 2022க்குப் பிறகு அங்கே "யாக் வி?", எப்படி இருக்கீங்க என்ற சின்னக் கேள்விக்கு எடை கூடிவிட்டது. சும்மா கேட்டுவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். கேட்டால் பதில் முடியும் வரை இருங்கள்.

2022 அக்டோபரிலிருந்து ரஷ்யப் படைகள் மின் நிலையங்களைக் குறிவைத்துத் தாக்கின. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பேச்சு எல்லாம் "ஸ்வித்லொ யே?" என்றுதான் தொடங்கும். "ஸ்வித்லொ" என்றால் வெளிச்சம். கரண்டையும் அப்படித்தான் சொல்வார்கள். கரண்ட் இருக்குங்களா? "யே" என்றால் இருக்கு. "நெமா" என்றால் இல்லை. 2012 வாக்கில் நம் பக்கம் தறி ஓடாமல், பம்ப்செட் ஓடாமல் கிடந்த நாட்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் அது இது இல்லை. நமக்குக் கரண்ட் போனதோடு சரி, தலைக்கு மேல் எதுவும் வரவில்லை.

பேச்சின் நடுவில் ஒருநாள் பின்னாலிருந்து ஊளையிடும் சத்தம் கேட்டது. அவர் பதறாமல் "த்ரிவோஹா. பெரெத்ஸ்வொன்யூ" என்றார். அபாயச் சங்கு, அப்புறம் கூப்பிடுகிறேன். என்ன ஆச்சு, எங்கே விழுந்தது என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் அவரைப் போனில் நிறுத்தி வைக்கிற ஒவ்வொரு விநாடியும் தப்பு. "தோப்ரெ. பெரெஜீத் செபே" என்று சொல்லி உடனே வைத்துவிட வேண்டும். சரி, உங்களைப் பார்த்துக்கோங்க. அன்று அவர் திரும்பக் கூப்பிட ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் திண்ணையை விட்டு எழவில்லை.

போர் எப்போது முடியும், உங்கள் வீட்டு ஆண்கள் யாராவது படையில் இருக்கிறார்களா, எந்த இடத்தில் குண்டு விழுந்தது என்று நாமாகக் கேட்பதை நான் தவிர்க்கிறேன். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். தினமும் காலை அவர்கள் நேரம் ஒன்பது மணிக்கு இறந்தவர்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம் கடைப்பிடிப்பார்கள். நமக்குக் குளிர்காலத்தில் பகல் பன்னிரண்டரை, கோடையில் பதினொன்றரை. அந்த வேளையில் கூப்பிட வேண்டாம். "ஸ்லாவா உக்ராயீனி" என்று யாராவது சொன்னால் பதில் "ஹெரோயம் ஸ்லாவா". தைரியமாக இருங்க என்பதற்கு "த்ரிமாய்தெஸ்யா".

இன்னொரு யோசனை. போரைப் பற்றியே பேச வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மாவே ஒருநாள் சொன்னார்: எல்லோரும் அதையே கேட்கிறார்கள், நீங்கள்தான் வெள்ளரிக்காயைக் கேட்கிறீர்கள் என்று.

புரியாதபோது

ஆரம்பத்தில் பத்தில் எட்டு வார்த்தை புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். "பொவில்நிஷெ, புத் லாஸ்கா", கொஞ்சம் மெதுவாங்க. "புத் லாஸ்கா" என்பது தயவுசெய்து என்பதற்கும், நன்றி சொன்னால் பதிலுக்கும் ஆகும். மேற்குப் பக்கம் அதற்கு "ப்ரோஷு" என்றும் சொல்வார்கள். "யா விவ்ச்சாயு உக்ராயீன்ஸ்கு", நான் உக்ரைனிய மொழி படிச்சிட்டிருக்கேன். இதை முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டால் அவர்களே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டவும் சொல் வேண்டும். நாம் "ஆமாங்க, அப்படிங்களா, அடடா" என்று போடுவது போல "அஹா", "ஸ்ப்ராவ்தி?", "தா வி ஷ்சோ!" இந்த மூன்றும் போதும். போன் பேச்சில் இவை இல்லாவிட்டால் லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

முடிக்கும்போது "புவாய்தெ ஸ்தொரோவி" என்பேன். ஆரோக்கியமா இருங்க. நல்லா இருங்க என்று நாம் சொல்லி வைப்பது போலவே.

போன ஞாயிறு, நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார். உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்குக் காத்திருக்கிறோம், வந்தால்தான் நடவு என்று எப்போதோ நான் தட்டுத் தடுமாறிச் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார். அன்றைக்கு "ஷ்சே நீ", இன்னும் இல்லை என்று மட்டும்தான் சொன்னேன். நேற்றுக் கொடிவேரியிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. இந்த வாரத்துக் காலண்டர் தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்: "வ் கனாலி வ்ஜே யே வொதா."